வைன் நாட்டில் கந்தசஷ்டி

சுற்றுலா வழிகாட்டியாக வேலைக்குச் சேரும் உங்களுக்கு முதல் கிழமையிலேயே நிறையப் பழக்குவார்கள். பாஸ்போர்ட்டில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது, பஸ்ஸுக்குள் எப்படித் தலையெண்ணுவது, மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, பிரெஞ்சு ஹோட்டல்காரனோடு சண்டை வந்தால் எந்த நேரத்தில் குரலை உயர்த்துவது எல்லாம் சொல்லித் தருவார்கள். கோயில் கலண்டரைப் பார் என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன். எனக்கு இனி என்ன பயம்? முழங்கால் இரண்டும் இந்த வேலையை விட்டுவிட்டன. அவை இல்லாமல் நான் மட்டும் பஸ் ஏற முடியாதென்பதால் நானும் விட்டுவிட்டேன்.

லண்டன் தமிழர்களை ஒரு வாரம் பிரான்சுக்குக் கூட்டிப்போவது எங்கள் கம்பெனியின் வழக்கமான வியாபாரம். காலையில் கோட்டை, மத்தியானத்துக்குப் பிறகு வைன். லுவார் ஆற்றங்கரையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கல்லெறிந்தால் ஒன்று ராசாவின் அரண்மனையில் விழும், இல்லாவிட்டால் வைன் பீப்பாயில் விழும். அந்த வருடம் நான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். கோடையில் போனால் வெயில், சனம், விலை. ஒக்டோபர் பள்ளிக்கூட விடுமுறையில் போவோம். திராட்சை இலையெல்லாம் மஞ்சளாக இருக்கும். முதலாளி என் முதுகில் தட்டினார். வசந்த காலத்திலேயே பஸ் நிறைந்துவிட்டது.

கந்தசஷ்டி விரதம் ஆறு நாள். என் பயணம் ஏழு நாள். இரண்டும் ஒரே வாரம்.

நான் பார்க்கவில்லை, சரி. பஸ்ஸில் ஏற இருந்தவர்கள் பார்க்காமலா இருந்தார்கள்? பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "தம்பி ஒழுங்கு செய்வார்தானே" என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

புறப்பட்ட அன்று, லண்டனில் முதல் தரிப்பான வெம்பிளியில் ஏறியவர்களிடம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குட்மேய்ஸில் ஏறியவர்களிடம் வழமையைவிடச் சுடுதண்ணீர்ப் போத்தல்கள் அதிகம். அதையும் நான் குளிருக்கென்று நினைத்தேன். கடைசியாக லூயிஷாம். அங்கே நின்றவர்கள் எல்லாரும் நெற்றி நிறையத் திருநீறும் மணிக்கட்டில் மஞ்சள் நூலுமாக நின்றார்கள். முதலில் ஏறியவர் தவராசா அண்ணை. தபால் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மெல்லிய மனிதர். பின்னால் அவர் மனைவி புவனா அக்கா, பள்ளிக்கூடமொன்றில் உதவி ஆசிரியை.

"அண்ணை, கையில என்ன?"

"காப்பு. கோயில்ல விடியப் பூசையில கட்டிப்போட்டு நேர வாறம். இண்டைக்குச் சஷ்டி தொடக்கமெல்லோ? உமக்குத் தெரியாதோ?"

"தெரியும், தெரியும்," என்றேன்.

"அப்ப பின்னேரம் எங்களுக்குப் பாலும் பழமும் ஒழுங்கு செய்திருப்பீர்," என்றார் புவனா அக்கா.

"செய்தாச்சு அக்கா."

நான் ஒழுங்கு செய்திருந்தது முதல் இரவுக்கு வாத்துக்கால். அதன் பிறகு நாளுக்கொரு வைன் நிலவறை.

பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குப் பகிடி வரும். அது ஒரு நோய். மைக்கை எடுத்து, "இந்தப் பயணத்தில் பாதிப்பேர் குடிப்பார்கள், மீதிப்பேர் அவர்களுக்காகப் பிரார்த்திப்பார்கள்," என்றேன். பின் சீட்டுகள் கைதட்டின. முன் சீட்டுகள் என்னைச் சூரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தன.

கப்பலில் ஏறுமுன்பே பஸ்ஸுக்குள் எல்லைக்கோடு விழுந்துவிட்டது. விரதக்காரர் முன்னுக்கு, மற்றவர்கள் பின்னுக்கு. "தம்பி, பின்னால மீன் மணக்குது, ஜன்னலைத் திறவும்." "ஜன்னல் திறக்கேலாது அக்கா." "அப்ப மீனை மூடச் சொல்லும்." ஹோட்டல் சமையல்காரனிடம் மரக்கறி மட்டும் என்று நான் மூன்று தரம் சொல்லி, அவன் மூன்று தரம் தலையாட்டி, கடைசியில் அவரைக்காய்க்குள் பன்றித் துண்டு போட்டுக் கொண்டுவந்தான். கேட்டால், கொஞ்சம்தானே, வாசனைக்கு என்கிறான். கோட்டைகளாவது என்னைக் காப்பாற்றும் என்று பார்த்தால், மூன்றாம் நாளே ஓர் அம்மா மைக்கைப் பிடுங்காத குறையாகக் கேட்டார்: "இதுவும் கோட்டையோ? நேற்றும் கோட்டைதானே காட்டினீர்?"

எல்லாவற்றையும்விட மோசம் நிலவறைகள். வைன் செய்கிறவர்கள் விருந்தாளிகளை நடத்தும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் தங்கள் பிள்ளையைப் பாடக் கூப்பிட்டு நிறுத்துவதுபோலப் போத்தலைக் கொண்டுவந்து வைப்பார்கள். முதல் நிலவறையில் வைன் செய்யும் பெண் பூரித்துப்போய் ஊற்றத் தொடங்கியதும், முன் சீட்டுக்காரர்கள் வரிசையாகக் கிண்ணத்தின் வாயைக் கையால் பொத்தினார்கள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது. பக்தி, விரதம் என்று என் பிரெஞ்சில் விளக்கினேன். என் பிரெஞ்சு அப்படி. எல்லாருக்கும் வயிற்று நோய் என்று விளங்கிக்கொண்டு அவள் இரண்டடி பின்னால் போனாள்.

அப்போதுதான் தவராசா அண்ணை தன் கையை எடுத்துவிட்டு, கிண்ணத்தை நீட்டினார். அவள் மலர்ந்து ஊற்றினாள். அவர் மூக்கருகே கொண்டுபோய், தலையாட்டி, புன்னகைத்து, அப்படியே தூண் மறைவில் நின்ற என்னிடம் வந்தார்.

"தம்பி, மரியாதைக்கு வாங்கிப்போட்டன். இதை நீர் குடிச்சு முடியும்."

"அண்ணை, நான் டியூட்டியில நிக்கிறன்."

"நான் விரதத்தில நிக்கிறன். ஆரின்ரை டியூட்டி பெரிசு?"

முடித்தேன். அடுத்த நாளும் முடித்தேன். ஒவ்வொரு நிலவறையிலும் அவர் வாங்குவார், தலையாட்டுவார், தூண் மறைவுக்கு வருவார். ஒரு துளி அவர் நாக்கில் பட்டதில்லை. பஸ்ஸில் வந்தவர்கள் கண்டதெல்லாம் அவர் கையில் நிறைந்த கிண்ணமும் பிறகு வெறும் கிண்ணமும்தான். புவனா அக்கா இதில் எதையும் காணவில்லை. மணம் ஒத்துவராதென்று அவர் எப்போதும் வெளியே கிடந்த மர வாங்கில் இருந்துகொண்டு சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர்கள் விரதம் ஏனென்றும் புவனா அக்காவே எனக்குச் சொன்னார். அடுத்த மாதம் அண்ணைக்கு இருதய சத்திரசிகிச்சை. "இந்த மனுசன்ரை நெஞ்சைப் பிளந்து பாக்கப் போறாங்கள் தம்பி. அதுதான் ரெண்டு பேரும் சேர்ந்து காப்புக் கட்டினது. பின்னேரத்தில ஒரு கப் பால், ரெண்டு பழம். வேற ஒண்டுமில்லை. ஆறு நாளும் குறையில்லாமல் முடிக்கவேணும்."

ஐந்தாம் நாள் மழை. வாங்கில் இருக்க முடியாமல் புவனா அக்காவும் நிலவறைக்குள் வந்தார். மலையைக் குடைந்து செய்த குகை அது, உள்ளே குளிர். நான் மைக் இல்லாமல் கத்திக் கத்தி அந்த மலையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இருந்தார். முகமெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. "என்னக்கா?" என்று கேட்டால் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுகிறார்.

எங்கள் பஸ்ஸில் ஒரு டாக்டர் இருந்தார், மதுரைக்காரர், வெம்பிளியில் ஏறியவர். கண் டாக்டர். இரண்டாம் நாள், வைனைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு போடுவார்கள் என்று வைன்காரி சொன்னதைக் கேட்டு, "ஐயோ, எங்க வீட்ல முட்டையே சேர்க்க மாட்டோமே, ரெண்டு கிளாஸ் உள்ள போயிடுச்சே!" என்று என் கையைப் பிடித்துக் கதறியவர். அன்று அதே மனிதர் நிலத்தில் முழந்தாளிட்டு அக்காவின் நாடியைப் பிடித்தபோது குரல் வேறாக இருந்தது.

"அம்மா, உங்களுக்கு சுகர் இருக்கா?"

"இருக்கு."

"மாத்திரை போட்டீங்களா?"

"ஒவ்வொரு நாளும் போடுறனான். மாத்திரை சாப்பாடில்லைத்தானே."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆகாரமே இல்லாம அஞ்சு நாளா சுகர் மாத்திரை. இப்ப சுகர் இறங்கிக்கிட்டே இருக்கு. உடனே இனிப்பா ஏதாவது குடிக்கணும். நினைவு இருக்கிறப்பவே குடிக்கணும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்த முடியாது, புரையேறிடும்."

வைன்காரி அதற்குள் ஓடிப்போய்த் திராட்சைச் சாறு கொண்டுவந்தாள். புளிக்காத, தேன்போன்ற சாறு. அதோடு அம்புலன்சுக்கும் தொலைபேசி எடுத்திருந்தாள். நீங்கள் கேட்பீர்கள், அந்த நேரம் வழிகாட்டி என்ன செய்தார் என்று. வழிகாட்டி தன் மனைவிக்குப் போன் எடுத்தார். ஓம், லண்டனிலிருக்கும் என் சொந்த மனைவிக்கு. "இஞ்ச ஒரு அக்கா விழுந்திட்டா, நான் என்ன செய்ய?" என்றேன். "அங்க ஒருத்தரும் இல்லையோ? என்னட்டை என்ன கேள்வி? போனை வையுங்கோ!" என்றாள். வைத்தேன். எங்கள் தொழிலில் நான் பெற்ற மிகத் தெளிவான அறிவுறுத்தல் அதுதான்.

சாற்றை வாயருகே கொண்டுபோனால் புவனா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினார்.

"நாளைக்குச் சூரன்போர். ஒரு நாள்தான் கிடக்கு. முறிக்கமாட்டன்."

"அக்கா, கடவுள் கோவிக்க மாட்டார்."

"உமக்கு அவர் சொன்னவரோ? ஐயரைக் கேளுங்கோ. ஐயர் சொன்னால் குடிக்கிறன்."

லூயிஷாமில் ஏறிய ஒருவர் அவர்கள் கோயில் ஐயருக்குப் போன் அடித்தார். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. லண்டனில் அது மத்தியானப் பூசை நேரம். ஐயர் மணியோடு நிற்பார், போனோடா நிற்பார்? சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லத் தொடங்கினார்கள். தீர்த்தமென்று சொல்லிக் கொடுங்கோ. மூக்கைப் பொத்துங்கோ. பாலும் பழமும் விரதத்தில் சேர்த்திதானே, இதுவும் பழம்தானே. "பின்னேரத்திலதானே பழம்!" என்றார் அக்கா, கண்ணை மூடியபடி. அந்த நிலையிலும் விவாதத்தில் தோற்கவில்லை. நாக்கு மட்டும் தடிக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் என் காதில், "சார், இன்னும் கொஞ்ச நேரந்தான். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார்.

தவராசா அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மனைவிக்கு முன்னால் நிலத்தில் குந்தினார்.

"புவனம், நான் குடிச்சிட்டன்."

அக்கா கண்ணைத் திறந்தார்.

"முதல் நிலவறையிலையிருந்து. போன இடமெல்லாம் வைன் குடிச்சனான். ரெண்டு பேரும் சேர்ந்து கட்டின காப்பு. என்ரை முறிஞ்சு போச்சு. இனி நீர் தனியப் பிடிச்சு என்ன? குடியும்."

பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் கண்ணால் கண்டவர்கள். புவனா அக்கா அவர்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் எந்த நேரமும் இவரோடதானே நிண்டனீர். சொல்லும். இவர் குடிச்சவரோ?"

அந்தக் கிண்ணங்கள் எல்லாம் போன இடம் என் வயிறு. உலகத்திலேயே அதை அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அண்ணை என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வழமைபோலப் பகிடி வந்தது, தொண்டைவரை. உண்மையும் வந்தது, அதுவும் தொண்டைவரை. விரதம் காத்த ஒரு மனிதனை மனைவியின் முகத்துக்கு நேரே விரதம் முறித்தவன் என்று சொல்ல வேண்டும். அவருக்கு நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். யோசிக்க நேரமிருந்தால் நான் இன்றைக்கும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன்.

"ஓம் அக்கா. நானே கண்டனான்."

அக்கா டாக்டரின் கையிலிருந்த சாற்றைப் பறித்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று கொடுத்தோம், அதையும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கையின் நடுக்கம் நின்றது, நிறம் வந்தது. நிறம் வந்ததும் வாய் வந்தது.

"வீட்டை வாங்கோ, கதைக்கிறன்."

அம்புலன்ஸ்காரர் வந்து விரலில் குத்திப் பார்த்து, இனிச் சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாதென்று அக்காவையும், வழிகாட்டி என்கிற முறையில் என்னையும் திட்டிவிட்டுப் போனார்கள். கம்பெனி வகுப்பில் இதைச் சொன்னால், பயணியின் சம்மதம், பொய்த் தகவல், அது இது என்று ஒரு மணி நேரம் விளக்குவார்கள். விளக்கட்டும். உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆள் நிலத்தில் கிடக்கும்போது கூட்டத்திடம் வாக்கெடுக்காதீர்கள், உங்கள் மனைவிக்கும் போன் எடுக்காதீர்கள். யார் உண்மையில் அந்த ஆளை அறிந்தவரோ, அவர் வாயைத் திறந்தால் அவர் பக்கம் நில்லுங்கள்.

பொய் சொல்வது லேசு. அதற்குச் சாப்பாடு போடுவதுதான் கஷ்டம். அன்றிரவு ஹோட்டலில் புவனா அக்கா டாக்டரின் கண்காணிப்பில் பாணும் சூப்பும் சாப்பிட்டார். அண்ணையின் சாப்பாட்டுக் கோப்பை அப்படியே கிடந்தது. "வெக்கமாக் கிடக்கு, சாப்பிட மனமில்லை," என்றார். காலையில் எல்லாரும் வெண்ணெய்ப் பாண் தின்னும்போதும் வெட்கம். மத்தியானமும் வெட்கம். அவர் வெட்கப்பட வெட்கப்பட, அக்கா அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் இருந்தவர்களோ அண்ணையை ஏதோ கொள்ளைக்காரன்போல நடத்தினார்கள். முன் சீட்டுக்காரர்கள் அவரைப் பின்னுக்குப் போகச் சொன்னார்கள். பின் சீட்டுக்காரர்கள் தோளில் தட்டி, "வாங்கோ அண்ணை, இனி எங்கட ஆள்!" என்றார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்தார். நான் ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் இலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று, கடைசி நிலவறை. வைன்காரர் ஒரு முறைப்பான கிழவர். பெரிய மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்து, தன் தகப்பன் காலத்துப் போத்தல் ஒன்றை எங்களுக்காகத் திறந்திருந்தார். இது ஆளுக்கொரு வாய் மட்டும்தான், இனி இந்த வைன் உலகத்தில் இல்லை என்று நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை புவனா அக்கா வெளியே இருக்கவில்லை. உள்ளே வந்து, கணவரைப் பக்கத்தில் இருத்தி, கிழவர் ஊற்றிய கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"குடியுங்கோ."

"இப்ப வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? முறிச்ச மனுசன்தானே. என்ரை கண்ணுக்கு முன்னாலையும் ஒருக்கா குடியுங்கோ, பாப்பம்."

அண்ணை கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். தூணால் இன்று பயனில்லை, மேசை வெளிச்சத்தில் இருந்தது. குடித்தால் ஆறு நாள் விரதம் அந்த இடத்தில் போகும். குடிக்காவிட்டால் அக்கா ஒரு பொய்யை நம்பி முறித்தது வெளியில் வரும். அவர் கை கிண்ணத்தைத் தூக்கியது. உதடுவரை போனது.

அண்ணையின் பக்கத்தில் நின்ற நான் கோட்டைகளைப் பற்றி ஏதோ சொல்வதுபோலக் கையை வீசித் திரும்பினேன்.

என் முழங்கை பட்டதில் கிண்ணம் பறந்தது. தகப்பன் காலத்து வைன் பாதி வெள்ளை விரிப்பில், பாதி என் காற்சட்டையில். கிழவர் பிரெஞ்சில் கத்தியது எனக்கு முழுதும் விளங்கியது, அவ்வளவு எளிய சொற்கள். பின் சீட்டுக்காரர்கள், "நீரெல்லாம் ஒரு மனுசனோ! ஒரு வாய் வைனைக்கூடச் சிந்தாமல் பாக்கத் தெரியாது!" என்றார்கள். நான் குனிந்து துடைத்தேன், மன்னிப்புக் கேட்டேன், இன்னும் கொஞ்சம் சிந்தினேன்.

தவராசா அண்ணையின் கையில் தெறித்திருந்த வைனைப் புவனா அக்கா தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். விரல் விரலாக, நகத்தடியில் இருந்ததையும் விடாமல், காப்பு நூலைத் தள்ளி அதன் கீழும் துடைத்தார். ஒரு துளியும் மிச்சமில்லையென்று கண்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

"தம்பி, துடைச்சது காணும். அந்த ஐயாவிட்டைப் பால் இருக்கோ எண்டு கேளும். இவருக்கு ஒரு கப்."

கத்திக்கொண்டிருந்த கிழவரை நான் பார்த்தேன்.

"அக்கா, இப்பவோ?"

"இப்பதான். பொழுதுபடுது. சூரனும் விழுந்திருப்பான்." தலைப்பை உதறிக்கொண்டு, "எனக்கும் ஒண்டு," என்றார். "சீனி போட்டு."